நான் ரயிலுக்கு ஓடவில்லை

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதத்து மழை நாளில் நடந்தது இது. அப்போது நான் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. எனக்கு, அண்ணி போடும் சோற்றைச் சாப்பிடும் வேலை. அண்ணி இதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்வதுதான்.

போலீஸில் சேர வேண்டும் என்பது சிறு வயது ஆசை. உயரம் இருந்தது, மார்பளவு இருந்தது, பள்ளி இறுதி வகுப்பும் தேறியிருந்தேன். ஓட்டம் மட்டும் இல்லை. முதல் தடவை ஆள் எடுத்தபோது விசில் ஊதியதும் தலைதெறிக்க ஓடினேன். முதல் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் நான்தான். இரண்டாவது சுற்றில் மைதானத்தின் ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தாண்டி ஓடியவர்களில் ஒருவன் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தானே, அந்தப் பார்வை பல நாள் தூங்கவிடவில்லை.

விழுப்புரத்திலேயே மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இதைத் தவறவிட்டால் வயது தாண்டிவிடும். அதற்குப் பிறகு திருவெண்ணெய்நல்லூரில் மாமாவின் கரும்புத் தோட்டத்தில் நரி விரட்டப் போக வேண்டியதுதான். மாமா எனக்காகக் காவல் பந்தலே போட்டு வைத்திருந்தார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே ஓடிப் பழகுவது என்று முடிவு செய்தேன். இப்போது காலையில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் பெரியவர் சிறியவர் எல்லோரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அன்றைய விழுப்புரத்தில் வளர்ந்த ஆண்பிள்ளை ஒருவன் தெருவில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவனுக்கு ரயில் தவறப் போகிறது. ஜங்ஷன் ஊர் அல்லவா? எந்த நேரமும் ஏதாவது ஒரு ரயில் புறப்பட்டுக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் மூட்டையும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பார். அப்படி ஓடுகிறவருக்கு ஊரே உதவும். முன்பின் தெரியாதவர் சைக்கிளை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். தெருவில் நிற்கும் மாட்டை ஒருவர் ஓட்டிவிட்டு வழி உண்டாக்குவார். இதை யாரும் உதவி என்றே நினைப்பதில்லை. அது அந்த ஊர்ப் பழக்கம்.

நான் ஸ்டேஷன் ரோட்டில் ஓட ஆரம்பித்த முதல் நாளே டீக்கடையிலிருந்து குரல் வந்தது. "ஓடு ஓடு, இன்னும் சிக்னலு கைகாட்டி எறங்கலே." இரண்டாம் நாள், "இன்னா தம்பி, நேத்தும் வுட்டுட்டியா?" என்றார்கள். அதற்கடுத்த நாள் கடைக்காரர் என்னை நிறுத்தி, கொஞ்சம் சீக்கிரம் எழுந்து பழக வேண்டும் என்று அக்கறையோடு புத்தி சொன்னார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன்.

மூச்சுதான் என் பிரச்சினையே. கொஞ்ச தூரத்திலேயே விலா எலும்புக்குக் கீழே கத்தியால் குத்துவது போல வலிக்கும். அதைத் தீர்த்து வைத்தது ஒரு குதிரை. காலை ரயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜட்கா வண்டிக் குதிரை அது. ஒருநாள் வண்டி என்னைத் தாண்டிப் போனபோது அதன் பின்னாலேயே ஓடினேன். கிழட்டுக் குதிரை, அவசரமே படாது, ஆனால் நிற்காது. டக் டக் என்று ஒரே சீராகப் போகும். அந்தச் சத்தத்துக்குக் காலை வைத்தேன். அன்றைக்கு ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வலி வரவில்லை. இவ்வளவு நாள் வேகமாக ஓடுவதைத்தான் ஓட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதிலிருந்து தினமும் அந்தக் குதிரைக்காகக் காத்திருந்தேன். வண்டிக்காரரோ, "ஏறிக்கினு வாயேன் தம்பி, எடம் இருக்குது" என்று தினமும் கூப்பிடுவார்.

தேர்வு நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அவ்வளவுதான். விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. கால்களைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்று பனியனும் காக்கி அரை டிராயருமாக வெளியே வந்தேன். இரவு பெய்த மழையில் ரோடெல்லாம் சேறு. வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என்ன ஆவது? அதனால் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை செய்தேன். பிளாட்பாரத்தில் ஓடினேன். நீளமான பிளாட்பாரம், சிமெண்டுத் தரை. அண்ணனால் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

மதராஸுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று நின்றிருந்தது. நான் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி வரும்போது அது மெல்ல நகர ஆரம்பித்தது. அதற்கு இணையாகக் கொஞ்ச தூரம் ஓடிப் பார்ப்போமே என்று எனக்கு ஓர் அற்ப ஆசை. குதிரையை மறந்துவிட்டு வேகத்தைக் கூட்டினேன்.

ஒரு பெட்டியின் வாசலில் பெரிய மீசையோடு ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் பதறியது. "வா வா, கையக் குடு" என்று பாதி உடம்பை வெளியே நீட்டினார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தலையை ஆட்டினேன். "முடியும்பா, வுட்றாதே" என்றார். கையை ஆட்டினேன். அதுதான் வினையாகப் போயிற்று. ஆட்டிய கையை அவர் லபக்கென்று பிடித்துக்கொண்டார். அதே நேரத்தில் பின்னாலிருந்து ஒரு போர்ட்டர், யாரென்று முகத்தைக்கூடப் பார்க்காமல், என் இடுப்பில் கைகொடுத்து அரிசி மூட்டையைப் போலத் தூக்கிவிட்டார். முழங்கால் படியில் சிராய்த்தது. அடுத்த கணம் பெட்டிக்குள் இருந்தேன்.

பெட்டியே சந்தோஷப்பட்டது. ஓர் அம்மாள் கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்தார். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்து, துண்டால் விசிறினார். மீசைக்காரர் என்னைப் பிள்ளை பெற்றவரைப் போலப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு திரும்பி, என் முதல் வார்த்தை வெளியே வந்தபோது ரயில் ஊரைத் தாண்டியிருந்தது.

"நான் ரயிலுக்கு ஓடலீங்க."

"பின்னே எதுக்கு ஓடுனே?"

"சும்மா ஓடினேன்."

"சும்மா எவனாச்சும் ஓடுவானா?" என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அந்த ரயில் திண்டிவனம் வரைக்கும் நிற்காது. ஒருவர் எழுந்து சங்கிலியை இழுக்கப் போனார். அவர் கையை நானே எட்டிப் பிடித்தேன். சங்கிலியை இழுத்தால் கார்டு வருவார், டிக்கெட் கேட்பார், பெயரைக் கேட்பார், கேஸ் எழுதுவார். போலீஸ் வேலைக்குப் போகிறவன் மேல் அன்றைக்கே ஒரு கேஸ். விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக ஜன்னலில் ஓடி மறைய, நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவின் காவல் பந்தல் கண்ணில் நன்றாகவே தெரிந்தது.

மீசைக்காரர் தன் மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி, செங்கற்பட்டில் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்கப் போகிறவர் என்று பக்கத்தில் இருந்த அம்மாள்தான் சொன்னார். திண்டிவனத்தில் நான் இறங்கியதும் அவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வேண்டாம், உங்களுக்காக அங்கே காத்திருப்பார்களே என்று எவ்வளவோ சொன்னேன்.

"அவங்க நாளைக்கும் இருப்பாங்க தம்பி. உனக்குத்தான் நாளைக்கு இல்லே. நட."

வாசலில் டிக்கெட் கலெக்டர் நின்றிருந்தார். மீசைக்காரர் எனக்கு முன்னால் போய், தப்பெல்லாம் தன்னுடையது, எழுதுவதானால் தன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். கலெக்டர் முழுக் கதையையும் முகம் மாறாமல் கேட்டார். பிறகு என் வெறுங்காலைப் பார்த்தார், சேறு படிந்த டிராயரைப் பார்த்தார், ரத்தம் கசியும் முழங்காலைப் பார்த்தார்.

"டிக்கெட் இல்லாம வர்றவன் தினம் ஒரு கதை சொல்றான். ஆனா செருப்புகூட இல்லாம, டிராயரோட மெட்ராஸுக்குக் கெளம்புனவன நான் பார்த்ததில்லே. நீ ரயிலப் புடிக்கலேப்பா, ரயிலுதான் உன்னப் புடிச்சிருக்குது." அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "பஸ்ஸு இப்பதான் போச்சு. ரோட்டுக்குப் போய் நில்லு. மரக்காணத்து உப்பு லாரிங்க வரும். ஜல்தி."

ரோட்டில் நின்றோம். முதலில் வந்த லாரி நிற்கவில்லை. இரண்டாவது லாரி வந்தபோது மீசைக்காரர் மூட்டையோடு நடுரோட்டில் போய் நின்றுகொண்டார். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் திட்டியதை மறந்துவிட்டு, ஏறிக்கொள்ளுங்கள் என்றார். முன்னால் இடமில்லை. உப்பு மூட்டைகளின் மேல், தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பேரும் குந்திக்கொண்டோம். மழைத் தூறலில் உப்புத் தண்ணீர் ஊறி என் முழங்கால் சிராய்ப்பில் இறங்கியது. உயிர் போகிற எரிச்சல். மீசைக்காரர் தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். வழியில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் ஆடி அசைந்து போய் முடியும் வரைக்கும் அவர் அதை ஜென்மப் பகையாளியைப் பார்ப்பது போல முறைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கூர்ல ஒருத்தன் ஓடுனா தூக்கி வுட்டுர்றதுதான் தம்பி பழக்கம்" என்றார் திடீரென்று. "கேட்டுக்கினு நின்னா வண்டி பூடுமே."

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

லாரி எங்களை மைதானத்து வாசலிலேயே இறக்கிவிட்டது. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். கையில் எனக்கு வந்திருந்த அழைப்புக் கடிதம். பக்கத்தில் ஜட்கா வண்டிக்காரர். என்னை ரயிலில் ஏற்றியதைப் பார்த்துவிட்டு அவர்தான் வீட்டுக்குச் செய்தி சொல்லியிருக்கிறார். நான் தேர்வுக்குப் பயந்து மதராஸுக்கு ஓடிப் போய்விட்டேன் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. அண்ணனே நம்பிவிட்டாராம்.

"நான் நம்பலே" என்றார் அண்ணி. "வூட்ட வுட்டுப் போறவன், ராத்திரி சட்டையத் தொவச்சுக் காயப் போட்டுட்டா போவான்? நீ வருவேன்னுதான் நின்னுக்கினு இருக்கறேன். பேரு கூப்புட ஆரம்பிச்சிட்டாங்க. போ."

அந்த ஒரு நிமிடத்தில் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தை எப்படிச் சொல்வது? அப்பாடா என்று இருந்தது. இன்னும் ஓடவே இல்லை, ஆனாலும் பாதித் தேர்வு முடிந்துவிட்டது போல இருந்தது.

நான் வரிசைக்குப் போய் மூச்சு விடுவதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் முன்னால் பாய்ந்தார்கள். போன தடவை நான் பாய்ந்த அதே பாய்ச்சல். நான் பாயவில்லை. காதுக்குள் டக் டக் என்று குதிரையின் குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேன். முதல் சுற்றில் எனக்குப் பின்னால் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். முழங்கால் எரிந்தது. உடம்பெல்லாம் உப்பு அரித்தது. பாதி தாண்டியதும் ஒவ்வொருவராக விலாவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். எனக்கு வலி வரும், வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கடைசிச் சுற்றில்தான் வேகத்தைக் கூட்டினேன். கோட்டைத் தாண்டியபோது நான் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. கடிகாரத்தோடு நின்ற அதிகாரி என்னைப் பார்த்து, தேறியவர்கள் நிற்கும் பக்கத்துக்குக் கையைக் காட்டினார். அங்கே போய்ச் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கூட நின்றவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்தபோது அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசைக்காரர் கொஞ்சம் தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஏன் அப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீ அந்தப் பக்கமா ஓடி வர்றப்பல்லாம் கை தானா நீளுது தம்பி" என்றார். "மறுபடியும் இழுத்துக் கிழுத்து வச்சிட்டா பேஜாரு. அதான் கட்டிக்கினு நின்னேன்."

அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் தன் கையாலேயே பரிமாறிக்கொண்டிருந்தார். என்னைச் சந்தேகப்பட்டதற்கு அதுதான் அவர் சொன்ன சமாதானம். சாயங்கால ரயிலில் நானே போய் மீசைக்காரரை ஏற்றிவிட்டேன். அவர் மகளுக்கு அந்த இடமே அமைந்ததாகப் பின்னால் தகவல் வந்தபோதுதான் என் மனசு முழுசாக ஆறியது.

போலீஸில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். எத்தனையோ ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் நின்றிருக்கிறேன். இன்றைக்கும் ரயில் நகரும்போது யாராவது ஓடி வந்தால் என் கை தானாக நீளும், ஆனால் பிடிப்பதற்கு முன்னால், "ரயிலுக்குத்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். கேட்காமல் கைகொடுத்துவிட்டு, தப்பு என்று தெரிந்ததும் தன் வேலையை விட்டுக் கூடவே இறங்கி வந்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.