தபால்தலையில் புள்ளிக்கோலம்

தபால்தலையின் முதுகில் விரலை வைத்தால் சொரசொரவென்று தட்டுப்படும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பொடிப்பொடியாய் ஓட்டைகள் தெரியும். ஓரத்துப் "பல்லு" எல்லாத் தபால்தலைக்கும் உண்டு. அப்பா அனுப்பும் உறைகளில் ஒட்டியதற்கு மட்டும் நடுவிலும் ஓட்டை இருந்தது.

நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம். அம்மா கூலிக்கு மல்லிகை எடுக்கப் போவாள். அப்பா மெட்ராசில் ஒரு கம்பெனியில் எடுபிடி. ஆபீஸ் கடிதங்களுக்குத் தபால்தலை ஒட்டிக் கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. வாரம் தவறாமல் எங்களுக்கும் ஒன்று வரும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நான்தான் வாசிப்பேன். ஓட்டைகளைப் பார்த்துவிட்டு ஒருநாள் அம்மா, "உங்கப்பா ஒனக்குப் புள்ளிக்கோலம் வச்சு அனுப்பியிருக்காரு" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ, நான் நம்பினேன். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, காயவைத்து, புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்துப் பார்ப்பேன். கோலம் கூடி வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகள். அப்பாவுக்கு வேறு கோலம் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு படித்த ஸ்டெல்லாவின் பெரியப்பா திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார். தபால்தலை சேர்க்கிறவர். அப்பா போட்ட கோலம் என்று பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். லென்சை வைத்துப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"இது கம்பெனி பேரோட இங்கிலீஷ் எழுத்து பாப்பா. ஆபீஸ் ஸ்டாம்ப யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரக் கூடாதுன்னு மெஷின்ல குத்தி வைக்கிறது. ஒனக்கு எப்படிக் கெடச்சுச்சு?"

"அப்பா கடுதாசில வந்துச்சு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லாதான் விடவில்லை. "அப்பக் கோலம் இல்லையாடி? களவாண்டதா?" அவள் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. தின்னக் கொடுத்த முறுக்கைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றும் சொன்னேன். காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தவள், "எழுது" என்றாள். "ஓட்டை போட்ட ஸ்டாம்பு இனி ஒட்ட வேணாம். புள்ளையால வெளிய தலைகாட்ட முடியல."

எழுதினேன்.

அடுத்த கடிதம் வர நாளாயிற்று. தபால்தலை வழவழவென்று இருந்தது. அப்புறம் தீபாவளிக்கு ஒன்று வந்தது. பொங்கலுக்கு அவரே வந்தார். "இப்ப ஓட்டை இல்லைல்ல தாயி?" என்று கேட்டார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் ஆமாம் என்றேன். மறுபடி மெட்ராஸ் போனபின் கடிதம் இன்னும் குறைந்துபோனது. காசில்லாமலா, கூச்சத்தாலா, கேட்டதில்லை. பூ எடுத்துவிட்டு வந்ததும் "தபால் வந்துச்சா" என்று கேட்கிற பழக்கத்தை அம்மா மெல்ல விட்டாள்.

அப்பா எடுத்ததை நினைத்து அன்றைக்கு வெட்கப்பட்டேன். அது எப்போதோ போய்விட்டது. அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இப்போது எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவதே அபூர்வம். வருகிற உறைகளிலும் தபால்தலை இருப்பதில்லை, ஏதோ அச்சடித்திருக்கிறது. மகன் துபாயில் இருக்கிறான். தினமும் போனில் கூப்பிடுகிறான். "ஆபீஸ் நெட்டுலதாம்மா பேசுறேன், எனக்குக் காசு ஒண்ணும் இல்ல" என்கிறான்.

சாப்டியா, சோத்துக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்கிறேன். வேறொன்றும் கேட்பதில்லை.