மழைக்காலத்தில் வந்த இரண்டாம் பாகம்

போன வாரம் ஜொகூர் பாரு பேரங்காடி ஒன்றில், பாப்கார்ன் வாசனைக்கு நடுவே இரண்டு இளைஞர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "மத்த பாகமெல்லாம் சும்மா காமெடி லா. ரெண்டாவதுதான் படம்!" என்றான் ஒருவன். எனக்கு ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. வந்த புதிதில் அந்தப் படத்தைத் திட்டாதவர்கள் கிடையாது. என் நண்பன் குணாவின் கல்யாணமே அதனால் நின்றுபோக இருந்தது.

அப்போது நானும் குணாவும் சாஆ ஊர்த் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாம் படிவத்தோடு எனக்குப் பள்ளிப் படிப்பு முடிந்தது. எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் நான் தரித்ததில்லை. சாஆவில் என்னைக் கட்டிப்போட்டது சிகாமட் தியேட்டர்தான்.

முதல் பாகம் தீபாவளிக்கு வந்தது. புதுச்சட்டை, வயிறு நிறையக் கறிச்சோறு. பறக்கிற வீரனுக்கு நடுவானில் கால்சட்டை அவிழ்ந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. மூன்று தடவை பார்த்தேன்!

இரண்டாவது, அடுத்த வருடம் டிசம்பர் மழையில் வந்தது. தோட்டத்துக்குள் லாரி நுழைய முடியவில்லை. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. ரொட்டியைத் தேத்தண்ணீரில் முக்கிச் சாப்பிட்டோம். அந்தச் சமயத்தில்தான் குணாவுக்கு லாபிஸில் செல்வியைப் பேசியிருந்தார்கள். முடிவு சொல்லுமுன் ஒருமுறை படத்துக்குப் போய்வரலாம், ஆனால் இருவருக்கும் நடுவில் தானே உட்காருவேன் என்றார் அவள் அண்ணன்.

"என்ன படம்டா போலாம்?" என்றான் குணா.

"நம்ம ஆளு படம்தான். வயிறு வலிக்கச் சிரிப்பாங்க, என்னை நம்பு."

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. முதல் பாகம் தந்த தீபாவளித் தெம்பில் சொன்னேன்.

துணைக்குப் போன என்னையும் சேர்த்து நான்கு பேரும் நனைந்துபோய் உட்கார்ந்தோம். பத்தே நிமிடத்தில் வீரனின் அம்மா செத்துப்போனாள். அப்புறம் படம் முழுக்க மழை, வெளியிலும் மழை. பின்வரிசையில் ஒருவன், "அலமாக், சிரிப்பு எப்ப வரும்?" என்று கத்தினான். அண்ணன் குணா பக்கம் சாய்ந்து, "படம் காட்டுறேன்னு கூட்டியாந்து கருமாதியாய்யா காட்டுற?" என்றார். குணா என் தொடையைக் கிள்ளியதில் ஒரு வாரம் கன்றியிருந்தது. செல்வி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் அண்ணன் குடையை விரித்தார். "வா, போலாம்."

செல்வி அசையவில்லை. "இருங்கண்ணே. மொதப் படத்துல பல்லைக் காட்டிக்கிட்டே இருந்தான், அவன் செத்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. இதுலதான் மனுசனா இருக்கான்." பிறகு குணாவிடம், "நீங்களும் அழுதீங்கதானே? பார்த்தேன்" என்றாள்.

கூரை ஒழுகியது என்று சொல்லியிருக்கலாம். குணா சொல்லவில்லை. "ஆமா" என்றான்.

அண்ணன் குடையை மடக்கினார். "சரி, தே குடிச்சிட்டுப் போலாம்."

மழை விட்டு, கையில் வேலை வந்தபிறகு நான் அதைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். என்ன படம்! முதலில் பார்த்தபோது நான் திட்டியது என் ஈரச்சட்டையைத்தான் போலிருக்கிறது.

"வந்தப்பவே தியேட்டர்ல பார்த்தீங்களா அங்கிள்? பிடிச்சதா?" என்று பேரங்காடியில் அந்த இளைஞன் கேட்டான், நானும் பேச்சில் கலந்துகொண்டதும்.

"ரொம்ப" என்றேன், கூசாமல்.

சிகாமட் தியேட்டரின் சன்னல்களை இப்போது செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே, சூப்புக்காக நல்ல விலைக்குப் போகும் கூட்டுக்காகப் பறவை வளர்க்கிறார்கள். அவற்றை அழைக்க ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் கீச்சொலி ஓடுகிறது. குணா அழுத நாற்காலிக்கு மேலே ஏதோ ஒரு குருவி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.