வெர்னாவின் பரங்கிக்காய்க்கு அப்பன் யார்?

வெர்னா ரஃப்யூஸ் லூனென்பர்க் என்ற ஊர்ப் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினோரு வருஷமாக அக்டோபர் மாத ராட்சதப் பரங்கி எடைப்போட்டியில் இரண்டாம் இடம். முதலிடம் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஆர்வில் ஸ்விக்கருக்கு. ஜெயித்தவன் சும்மா இருப்பானா?

"இந்த வருஷமும் எனக்குத் துணைக்குப் பக்கத்துல நிப்பல்ல, வெர்னா?" என்று விதை போடும்போதே கேட்பான். வெர்னா மண்ணை ஓங்கி ஓங்கிக் கொத்துவாள். ஒரே ஒரு தடவை, ஆர்வில் பேர் ஒட்டாமல் தன் பேர் மட்டும் மேடையில் ஒலிக்க வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் பனிக்குத் தப்பியது ஒரே கொடி. அதிலும் முதல் பெண்பூ இரட்டையாக ஒட்டிப் பிறந்தது. அப்படிப்பட்ட பிஞ்சு பருக்கும்போது ஒட்டின இடத்தில் வெடித்துவிடும். கிள்ளி எறிந்தாள். இரண்டாவதில் நடுவில் மகரந்தம் வாங்கும் சூல்முடி கோணிக்கொண்டு சூம்பிக் கிடந்தது. பிஞ்சு ஒரு வாரத்தில் பழுத்து விழுந்தது. மூன்றாவதுதான் பூ! சூல்முடி ஐந்து மடலாகக் கொழுகொழுவென்று விரிந்திருந்தது.

ஆனால் ஒரு வாரமாக மழையும் குளிரும். ஆண்பூக்களைத் தொட்டுப் பார்த்தால் விரலில் துளி மகரந்தம் ஒட்டவில்லை.

"ஏண்டா, பன்னெண்டு பேரு நிக்கிறீங்க, ஒருத்தனுக்குமா துப்பில்ல?" என்று திட்டினாள்.

பெண்பூ விரிவது ஒரே ஒரு காலை; பத்து மணிக்குள் வாடிவிடும். வெர்னா யோசிக்கவேயில்லை. இரவு உடுப்பும் ரப்பர் பூட்ஸுமாக வேலி தாண்டினாள். தேனீயும் மழையும் புகாமலிருக்க ஆர்வில் முந்தின சாயங்காலமே நூலால் வாய்கட்டி வைத்திருந்த ஆண்பூவைக் காம்போடு கிள்ளிக்கொண்டு வந்து, இதழை உரித்து, ஐந்து மடலிலும் தேய்த்தாள்.

எட்டு மணிக்கு வேலியோரம் ஒரே கூச்சல்.

"வெர்னா! கட்டி வச்ச பூவ எவனோ கிள்ளிட்டுப் போயிட்டான்!"

"மானா இருக்கும், ஆர்வில்."

"மான் இவ்ளோ நறுவிசாவா கிள்ளும்?"

"இப்பல்லாம் மானுங்க ரொம்ப வெவரம்ப்பா" என்று காப்பியை உறிஞ்சினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிஞ்சு பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் நாளுக்கு முப்பது பவுண்டு ஏறியது. அக்டோபரில் தராசு ஏறியபோது ஆர்வில் காய் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. வெர்னாவுடையது ஆயிரத்து நானூற்றிரண்டு! வெட்கமில்லாமல் அழுதாள், குதித்தாள்.

அப்போது போட்டி நடத்தும் ஹில்டா வென்ட்செல் ஒலிபெருக்கியும் அட்டையுமாக வந்தாள். ஜெயித்த காயின் விதை ஊரூராகப் போகும். அதன் தாய்க்கொடியும் தகப்பன் பூவும் யாருடையவை என்று அட்டையில் எழுதியாக வேண்டும். எரு விஷயத்தில் எல்லாரும் புளுகுவார்கள். அட்டையில் மட்டும் எவனும் பொய் சொன்னதில்லை. சொன்னால், அந்த விதையை நம்பிப் போடுகிறவன் பிழைப்பில் மண்தான்.

"அம்மா உன் கொடி. அப்பன் யாரு, வெர்னா?"

வெர்னா அட்டையைப் பார்த்தாள். என் பூதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு புரளவில்லை.

"ஆர்வில்" என்று முனகினாள்.

"சத்தமா சொல்லு."

"ஆர்வில் ஸ்விக்கரோட பூ! போதுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆர்வில் வாயைப் பிளந்து நின்றான். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேடையேறிக் காயைக் கட்டிக்கொண்டான். "என் ராசாத்தி! அப்படியே என் மூக்கு!"

ஹில்டா வாசித்தாள்: "முதல் பரிசு. தாய், ரஃப்யூஸ். தகப்பன், ஸ்விக்கர்."

"ரெண்டாம் பரிசும் என்னுதுதான்" என்றான் ஆர்வில், வெர்னாவின் காதருகே. "அதையும் வாசிக்கச் சொல்லு."