தாத்தா தமிழில் சொன்ன படம்

நான் நாலாம் வகுப்புப் படித்த காலத்தில் தாத்தா ஆறு மாதம் பாலக்கரையில் எங்களோடும், ஆறு மாதம் காட்டூரில் பெரியப்பா வீட்டிலும் இருப்பார். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. தாத்தாவைக் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

அவர் காட்டூர் கிளம்பவேண்டிய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் கல்லூரி ஹாலில் பிரெஞ்சுப் படம் போடுவதாகக் காலைப் பூசையில் ஃபாதர் அறிவித்தார். தாத்தா காரைக்காலில் முப்பது வருஷம் பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்தவர்.

"பார்த்துட்டே போகட்டும். அண்ணன் ஹாலுக்கே வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்றார் அப்பா. தாத்தா கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டார். அவருடைய டிரங்குப் பெட்டியும் எங்களோடு ரிக்‌ஷாவில் ஏறியது.

பாட்டும் சண்டையும் இல்லாத படம். தொப்பியும் குதிரை வண்டியுமாக ஏதோ பழைய காலம். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் கிழவரைப் பார்க்க மகன் மனைவி மக்களோடு வருகிறான். சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பேசப் பேசத் தாத்தா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முன் வரிசைக்காரர்கள்கூடக் காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மகன் கடிகாரத்தைப் பார்த்து என்னவோ சொன்னான். தாத்தா அதைத் தமிழில் சொல்லவில்லை.

"என்ன சொல்றாரு தாத்தா?"

"'இன்னிக்குப் போகலப்பா, உங்ககூடவே இருந்துடுறேன்'னு சொல்றான்."

மறு நிமிஷம் மகன் தொப்பியை எடுத்தான். எல்லோரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். கிழவர் வாசலில் நின்றார்.

"இருந்துடுறேன்னாரே, ஏன் தாத்தா போறாரு?"

ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. இரண்டொருவர் சிரித்தார்கள்.

"காது சரியாக் கேக்கல கண்ணு" என்றார் தாத்தா. அதன் பிறகு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்பா திரையை விட்டுவிட்டுத் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் வயதான பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வந்து, பக்கத்திலிருந்த எனக்கே கேட்காத மெல்லிய குரலில் ஏதோ விசாரித்தார். தாத்தா மளமளவென்று பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வெளியே பெரியப்பா நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "பஸ் வந்துடும்ப்பா, வாங்க" என்றார். "போயிட்டு வரேன்" என்று தாத்தா என் கன்னத்தைத் தட்டினார். அப்பாவிடம் தலையை மட்டும் அசைத்தார்.

"பாவம்ப்பா, தாத்தாவுக்குக் காது போயிடுச்சு" என்றேன் வழியில். அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை.

புதன்கிழமை ஸ்கூல் விட்டு வந்தபோது டிரங்குப் பெட்டி கூடத்தில் இருந்தது. தாத்தா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் காட்டூர் போய் அவரை அழைத்து வந்திருந்தார்.

"இனிமே தாத்தா இங்கதான்" என்றார் அம்மா.

காது டாக்டர் பாலக்கரையில்தானே இருக்கிறார், வைத்தியத்துக்காகத்தான் அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டினேன். அன்றிலிருந்து வெகுகாலம் தாத்தாவிடம் கத்தியே பேசினேன். பாவம், அவரும் ஒரு தடவைகூட என்னைத் தடுக்கவில்லை.