எண்ணூற்றுப் பத்தொன்பதாவது மில்லிமீட்டர்

பெண் பார்க்க நாங்கள் நான்கு பேர் போனோம். மாப்பிள்ளை பார்க்க பெண்ணின் அப்பா ஒருவர்தான் வந்தார். கையில் ஒரு பித்தளைத் தகடு, சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல்.

ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது என்பதே எனக்கு இன்றுவரை ஆச்சரியம். பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. மற்றவர்கள் கடைந்து கொண்டுவரும் இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சாக்பீஸால் குறி போடுகிற இன்ஸ்பெக்டர். இருபத்தைந்து வருடம் அதையே செய்த மனிதருக்கு, "பையன் கம்ப்யூட்டர்ல எழுத்து போடறான்" என்று தரகர் சொன்ன வேலையை எந்த அளவில் வைத்துப் பார்ப்பது என்று தெரியவில்லை. "எங்க தெரு பெயின்டர் கூடத்தான் எழுத்து போடறான், அவனுக்கு யாரு பொண்ணு குடுத்தாங்க" என்று கேட்டாராம்.

அதனால் ஒரு ஏற்பாடு. நூம்பலில் ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய படிப்பகத்துக்கு அவர்தான் செயலாளர். வெள்ளிக்கிழமை காலை திறப்பு. அதற்குப் பெயர்ப்பலகையை நான் எழுதித் தர வேண்டும். எழுதும்போது அவர் பக்கத்தில் நிற்பார். பலகை தேறினால் மாப்பிள்ளையும் தேறினார். தேறாவிட்டால் என்ன என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில், மின்சாரப் பெட்டிகளுக்குப் பெயர்த்தகடு செதுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். நாலடி நீளத்தில் ஒரு மெஷின். அதன் தலையில் சுழலும் கட்டர். அதை ஆட்டிவைக்க ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் சி மொழியில் நான் எழுதிய லைப்ரரி ஒன்று இருந்தது; புத்தகம் இல்லை, எழுத்து வரைவதற்கான ப்ரோகிராம்களின் தொகுப்பு. எழுத்தை அது படமாக வைத்துக்கொள்ளாது. இந்தப் புள்ளிக்குப் போ, கட்டரை இறக்கு, இப்படி வளை, அங்கே நிறுத்து, தூக்கு என்று கட்டளைகளாக வைத்துக்கொள்ளும். அதனால் ஒரே 'அ'வைத் தீப்பெட்டி அளவிலும் போடலாம், கதவு அளவிலும் போடலாம். ஆங்கிலத்துக்கு நேர்கோடுகளே பாதி வேலையை முடித்துவிடும். தமிழுக்கு எல்லாம் வளைவு. 'ண' ஒன்றுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கிராஃப் தாளின் மேல் தொலைத்திருக்கிறேன்.

அன்று அவர் குமணன்சாவடியில் பஸ் மாறி, ஒரு மீட்டர் நீளத் தகட்டை நியூஸ்பேப்பரில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி வந்து இறங்கினார். பஸ்ஸில் யாரையும் அதன் மேல் சாய விடவில்லையாம். பிரித்துக் காட்டினார். என் முகம் அதில் தெரிந்தது. அப்போதே கொஞ்சம் பயந்த முகமாகத்தான் இருந்தது.

"இது ஒண்ணுதான் கீது தம்பி. மாத்து கெடையாது" என்றார்.

மெஷினை ஓட்டுகிறவன் திருமுல்லைவாயில்காரன், என் வயசுதான். தகட்டை வைத்து இறுக்கினான். அவர் ஸ்கேலை எடுத்து இரண்டு பக்கமும் நூறு நூறு மில்லிமீட்டர் விட்டுக் குறித்தார். நடுவில் எண்ணூறு மில்லிமீட்டரில் 'நூம்பல் பொதுமக்கள் படிப்பகம்'. நான் ஒரு தட்டு தட்டினேன். கட்டர் இறங்கியது. பித்தளைத் தூள் தங்கமாகச் சுருண்டு எழுந்தது. 'நூ' வந்தது. அவர் குனிந்து பார்த்தார். 'ம்' வந்தது. 'பல்' வந்தது. நான் மனதுக்குள் மாலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

'பொதுமக்'கைத் தாண்டியபோது அவர் சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"தம்பி, இது எம்மா நீளம் வரிக்கும் எழுதும்?"

"தகடு வைக்கிற பெட் நாலடி சார். ஆயிரத்தி இருநூறு மில்லிமீட்டர் வரைக்கும் தாராளமா."

"மெசின கேக்கல. உன் ப்ரோகிராம கேக்கறேன்."

சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டருக்கு மெஷின் நாற்பது படி நகரும். ஆயிரத்து இருநூறு பெருக்கல் நாற்பது, நாற்பத்தெட்டாயிரம். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் இருந்த எவனுக்கும் ரேஷன் கார்டு எண் மறந்தாலும் ஒரு எண் மறக்காது. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு. அந்தக் காலக் கம்ப்யூட்டரில், சாதாரணமாக ஒரு எண்ணை வைக்கும் இடத்தில் அதற்கு மேல் கொள்ளாது. இன்னும் ஒன்று கூட்டினால், அது அப்படியே கவிழ்ந்து மைனஸ் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். என் லைப்ரரியில் கட்டர் நிற்கும் இடத்தை அந்தச் சாதாரண இடத்தில்தான் வைத்திருந்தேன். ஏன் வைத்தேன்? அதுவரை நாங்கள் செதுக்கியதெல்லாம் உள்ளங்கை அளவுத் தகடுகள். அதிகபட்சம் ஒன்றரை அடி.

நாற்பதால் வகுத்தேன். எண்ணூற்றுப் பத்தொன்பது மில்லிமீட்டர். எழுத்து தொள்ளாயிரத்தில் முடிகிறது. படிப்பகத்தின் 'க' எண்ணூற்றுப் பதினொன்றில் தொடங்குகிறது. அதாவது 'க'வின் பாதியில் கட்டர் வலப்பக்கம் போவதை விட்டுவிட்டு, பித்தளைக்குள் இறங்கிய நிலையிலேயே இடது கோடிக்கு ஓடும். போகிற வழியில் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தப்பு விடையை அடிப்பாரே, அப்படி.

திரையின் மூலையில் கட்டரின் இடம் எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தோராயிரத்துச் சொச்சம்.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் வாயைத் திறந்திருப்பான். நான் கரண்டுக்காக வேண்டிக்கொண்டேன். எஸ்டேட்டில் தினம் பதினோரு மணிக்குக் கரண்ட் போகும். மெஷின் பாதியில் நிற்கும், நாங்கள் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே டீ குடிக்கப் போவோம். அன்று மணி பதினொன்று இருபது. மேலே டியூப்லைட் கண்கூசும்படி எரிந்தது. அதுவரை அது அவ்வளவு பிரகாசமாக எரிந்து நான் பார்த்ததில்லை.

சுவரில் இருந்த ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி ஆபரேட்டருக்குக் கண்ணால் காட்டினேன்.

"இன்னா மாமே, கண்ல எதுனா உழுந்துச்சா? வா, ஊதி உடறேன்" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றேன். அவன் விடாமல் வந்து, என் இமையைப் பிரித்து நன்றாக ஊதினான். அவன் வாயில் வெற்றிலை வாசம். கண் கலங்கிவிட்டது. பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்தபோது வருங்கால மாப்பிள்ளை கண்ணீரோடு நின்றுகொண்டிருந்தான்.

இருபத்தைந்தாயிரம். 'படி' தொடங்கியது.

அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது ப்ரோகிராமைத் திருத்த முடியாது. நடுவில் நிறுத்தி வைக்க ஒரு சாவி எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக நோட்டில் குறித்து வைத்திருந்தேன். குறித்து வைத்ததோடு சரி. மிச்சம் இருந்தது மெஷினின் பக்கவாட்டில் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் மெஷின் செத்துவிடும். எழுத்தின் நடுவில் அழுத்தினால் எழுத்தும் சேர்ந்து சாகும். ஒரு எழுத்து முடிந்து, கட்டர் தூக்கி, அடுத்த எழுத்துக்கு நகரும் இரண்டு விநாடிக்குள் அழுத்த வேண்டும்.

மயக்கம் போட்டு விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் பொத்தானின் மேல் விழ வேண்டும். அந்த அளவுக்கு உடம்பு என் பேச்சைக் கேட்குமா என்று சந்தேகம். இருபத்தெட்டாயிரம். 'டி' முடிந்தது.

"சார்" என்றேன். "கடைசி ரெண்டு எழுத்து வராது."

"வராதுன்னா?"

"கட்டர் அங்க போறதுக்குப் பதிலா இந்தப் பக்கம் ஓடி வந்துடும். எழுதினது எல்லாத்து மேலயும் கோடு கிழிச்சிடும்."

அவர் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உனுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க நீளம் கேட்டீங்களே, அப்போ."

"அது ஆச்சே எட்டு நிமிசம். இம்மா நேரம் இன்னா பண்ணிகினு இருந்தே?"

"பயந்துகிட்டு இருந்தேன் சார்."

ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். அவர் கத்துவார் என்று தோளைக் குறுக்கினேன். கத்தவில்லை.

"எந்த எடத்துல?"

"தகட்டோட இடது ஓரத்துலேர்ந்து எண்ணூத்திப் பத்தொம்போது மில்லிமீட்டர். 'க' எழுதும்போது."

"கரீட்டா அங்கதானா?"

"அங்கதான் சார். அரை மில்லி முன்ன பின்ன இருக்காது."

ஸ்கேலை எடுத்து, ஓடுகிற கட்டருக்குப் பக்கத்தில் கையை விட்டு, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. "சொகப்புப் பொத்தான யாரு அழுத்தறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

"அவன் வேணாம் சார், இன்னும் எட்டு நிமிசம் யோசிப்பான்" என்றான் ஆபரேட்டர். "நான் அழுத்தறேன். மாமே, நீ சொல்லு, போதும்."

முப்பதாயிரம். 'ப்' முடிந்தது. கட்டர் தூக்கியது, நகர்ந்தது, இறங்கியது. கடைசி 'ப'. ஒரு 'ப' செதுக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அதை வரைந்த எனக்கே தெரியாது. இடக்கால் இறங்கியது. அடிக்கோடு போனது. வலக்கால் ஏறியது. அகலம் வருவதற்காக ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை ஓட்டும்படி எழுதியிருந்தேன். அதனால் மறுபடி இடக்கால், மறுபடி அடிக்கோடு. அவர் பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்திருந்தார். நான் மூச்சுவிடவில்லை, விட்டால் எண் தாவிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

கட்டர் தூக்கியது.

"இப்போ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஆபரேட்டர் என் வாயைப் பார்த்தே அழுத்திவிட்டான்.

மெஷின் செத்தது. கட்டர் 'க' வர வேண்டிய இடத்துக்கு மேலே, தகட்டைத் தொடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. பலகையில் 'நூம்பல் பொதுமக்கள் படிப்ப' என்று இருந்தது.

லைப்ரரியைத் திருத்த இரண்டு வாரமாகும், வெள்ளிக்கிழமைக்கு நடக்காது. வேறு வழி சொன்னேன். மெஷினுக்கு மறுபடி சைபர் வைத்துவிட்டு, தகட்டைச் சரியாக ஐந்நூறு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி இறுக்கினால், 'க' முந்நூற்றுப் பதினொன்றில் விழும். அங்கே என் எண் கவிழாது. கேட்டுக்கொண்டார். தள்ளும் வேலையை எங்களிடம் விடவில்லை. சட்டைக் கையை மடித்து, முட்டி போட்டு, ஊசியால் கீறி, அளந்து, திரும்ப அளந்து, தட்டித் தட்டி அவரே நகர்த்தினார். தகட்டின் பாதி பெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் அதைக் குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் தாங்கினான். நான் 'கம்' என்று டைப் செய்தேன். மூன்று தடவை தப்பாக.

'க' வந்தது. 'ம்' வந்தது.

அவர் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து வைத்து, வரிசையின் அடியில் ஸ்கேலைச் சேர்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கால் மில்லி எறங்கிகீது" என்றார். "என்னாலதான்."

தகட்டைப் பேப்பரில் சுற்றினார். டீ வேண்டாம் என்றார். பஸ் ஏறிப் போய்விட்டார். தேறியது என்றோ தேறாது என்றோ ஒரு வார்த்தை இல்லை.

ஐந்து நாள் தகவல் இல்லை. அந்த ஐந்து நாளும் லைப்ரரியைத் திறந்து, எண் வைத்த இடங்களையெல்லாம் பெரிய இடமாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றை மாற்றினால் நான்கு உடைந்தது. வெள்ளி போனது, சனி போனது. ஆபரேட்டர் தினம் வந்து, "இன்னா மாமே, பத்திரிக அடிக்க சொல்லலாமா, இல்ல ரிஜெக்டா?" என்று கேட்டுவிட்டுப் போவான். திங்கட்கிழமை சாயங்காலம் தரகர் வந்து, தாம்பூலம் மாற்றிக்கொள்ள எப்போது தோதுப்படும் என்று என் அம்மாவிடம் கேட்டார்.

தகடு செதுக்கிய அன்று ராத்திரி வீட்டில் என் மாமனார் என்ன சொன்னார் என்பதைக் கல்யாணமாகி நாலு மாதம் கழித்துத்தான் என் மனைவி சொன்னாள். பையன் எப்படி என்று அவள் அம்மா கேட்டிருக்கிறார்.

"பயந்தாங்கொள்ளி."

"அப்போ வேணாமா?"

"இருடீ. எங்க கெட்டுப்போவும்னு மில்லிமீட்டர்ல சொல்றான். எங்க ஃபேக்டரில கெட்டுப்போன பின்னாடி வந்து, எப்டி ஆச்சுன்னே தெரியல சார்ன்றானுங்க."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டவர் எதற்கு ஐந்து நாள் காக்க வைத்தார் என்று கேட்டேன். அதையும் அவள் அம்மா கேட்டாராம்.

"எட்டு நிமிசம் வாய மூடிகினு இருந்தான் இல்ல," என்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே சொன்னாராம். "கொஞ்ச நாளு கெடக்கட்டும்."