நாற்பது விநாடிப் பாலம்

அந்த இயக்குநரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் பதினாறு மாதம் உட்கார்ந்து, குடும்பத்தோடு சிரித்துப் பார்க்க வேண்டிய ஒரு கார்ட்டூன் படத்தை எடுத்து முடித்தோம்.

தென்னூரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. அதுவரை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு அனிமேஷன் செய்துகொண்டிருந்த முதலாளிக்கு, சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. முசிறிப் பக்கம் வாழைத்தார் வியாபாரம் செய்யும் சொந்தக்காரர் ஒருவர் பணம் போட்டார். மொத்தம் நாலரைக் கோடி. நான் தயாரிப்பு நிர்வாகி. இன்ன வேலைக்கு இன்ன தொகை, இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று சொல்வதுதான் என் உத்தியோகம். அப்படிச் சொல்கிறவளை எந்த ஸ்டூடியோவிலும் யாருக்கும் பிடிக்காது. அது எனக்குப் பழகியிருந்தது.

கதை, மார்க்கெட் வெங்காய மண்டிக்கு அடியில் குடியிருக்கும் பெருச்சாளிக் குடும்பத்தைப் பற்றியது. அப்பா, அம்மா, மாமா, ஆறு பிள்ளைகள். மண்டியை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாற்றுகிறார்கள். வழியெல்லாம் சண்டை, கூத்து. கதை நன்றாகவே இருந்தது. ஆனால் அனிமேஷனில் எது அசைகிறதோ அதெல்லாம் காசு. முடி அசைந்தால் காசு, துணி அசைந்தால் காசு, தண்ணீர் அசைந்தால் பெரும் காசு. முதல் வாரமே பெருச்சாளிகளின் ரோமத்தை ஒட்ட வெட்டச் சொன்னேன். அம்மாப் பெருச்சாளியின் புடவையைக் கஞ்சி போட்ட பருத்திப் புடவையாக மாற்றச் சொன்னேன். விறைப்பாக நின்றால் மடிப்புகளை அசைக்கும் வேலை மிச்சம்.

இயக்குநர் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். சென்னையில் பத்து வருஷம் விளம்பரப் படங்கள் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்பார். அந்த 'மேடம்' என் காதில் எப்போதும் வசவாகவே விழுந்தது.

நாலாவது மாதம் சாப்பாட்டுக் காட்சி வந்தது. ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாம்பார் சிந்துகிறது, ரசம் தெறிக்கிறது, அப்பளத்துக்கு அடிதடி. நாலு நிமிஷம். படத்தின் உயிரே அதுதான் என்றார் அவர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நாலு நிமிஷத்துக்கு மட்டும் முப்பத்தைந்து லட்சம். ரசத்துக்கே தனியாக ஏழு.

எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில், முடியாது என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "உங்க வீட்ல சாப்பிடும்போது யாரும் சிரிக்க மாட்டாங்க போலிருக்கு மேடம். அதான் இந்த சீன் உங்களுக்குப் புரியல."

இருபது பேர் சிரித்தார்கள். சிலர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்கள். அது இன்னும் மோசம். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஆனால் அவர் சொன்னது உண்மை. என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் சாப்பிடுவதை ஒருவர் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. நான் பெரும்பாலும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பேன்.

"அப்ப கரண்ட் போயிடட்டும் சார்" என்றேன். "இருட்டுல சாப்பிடட்டும். கண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். சத்தத்தை வெச்சுக்குங்க. மூணு லட்சத்துல முடிஞ்சிடும்."

நான் யோசனையாகச் சொல்லவில்லை, பதிலுக்குக் குத்துவதற்காகச் சொன்னேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களைக் கழற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்த மாதிரிப் படத்தில் கரண்ட் போயிருந்தது. கறுப்புத் திரையில் பதினெட்டுக் கண்கள். யாருடைய அப்பளத்தையோ யாரோ கடிக்கும் சத்தம்.

அதற்குப் பிறகு நாங்கள் நேரில் பேசிக்கொள்வது குறைந்தது. அவர் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார், நானும் சீட்டிலேயே பதில் எழுதுவேன். சாயங்கால டீயோடு வந்துகொண்டிருந்த பஜ்ஜியை நிறுத்தினேன். அதில் மிச்சமான தொகை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பெண்கள் கழிவறைக் கதவின் உட்பக்கம் யாரோ என்னை ஒரு பெருச்சாளியாக வரைந்து ஒட்டினார்கள், கையில் கத்தரிக்கோலோடு. நன்றாகவே வரைந்திருந்தார்கள். மூக்கு அப்படியே என்னுடையது. கிழித்துப் போட்டேன். மறுநாள் வேறொன்று இருந்தது.

பத்தாவது மாதம் அவர் சீட்டு அனுப்பாமல் நேரில் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"ஒரு ஷாட் வேணும். நாப்பது விநாடி. வசனம் கிடையாது, காமெடி கிடையாது. மார்க்கெட்ல வாழைத்தார் இறக்கிட்டுத் திரும்பற காலி லாரி மேல குடும்பமே உக்காந்து காவிரிப் பாலத்தைத் தாண்டுது. விடியற நேரம். கீழ தண்ணி. அவ்ளோ நேரம் சண்டை போட்டவங்க அந்த நாப்பது விநாடி மட்டும் பேசாம பாக்கறாங்க."

"எவ்வளவு ஆகும்?"

"எட்டு லட்சம். தண்ணிக்கு டெஸ்ட் ஏற்கெனவே பண்ணியாச்சு."

அந்தத் தண்ணீரைச் செய்தவள் எங்கள் அனிமேட்டர்களிலேயே கைதேர்ந்தவள். பழைய டவுனில் வீடு, கணவர் துபாயில். ஆறு வாரமாக, மற்ற வேலைகளுக்கு நடுவே, யாரும் கேட்காமலே ஆற்று நீரை அசைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் கம்ப்யூட்டரைக் கடக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். தினமும் பஸ்ஸில் நான் தாண்டிப் போகும் அதே ஆறு. விடியலில் அதற்கு ஒரு பித்தளை நிறம் உண்டு. அந்த நிறத்தை அவள் பிடித்துவிட்டாள்.

எதிர்பாராத செலவுக்கு என்று ஒதுக்கியதில் அன்றைக்கு என்னிடம் பதின்மூன்று லட்சம் இருந்தது.

"கையில ஒண்ணும் மிச்சமில்ல சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். கணக்குக்காகச் சொல்லவில்லை. அன்று இருபது பேர் சிரித்த சிரிப்புக்காகச் சொன்னேன். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, அந்த அனிமேட்டர் ஒரு தாளோடு வந்தாள். மாதக் கணக்கை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு எடுக்க மறந்திருந்தேன்.

"அக்கா, இது உங்களோடது. மிஷின்ல கிடந்துச்சு."

"வெச்சிட்டுப் போம்மா."

அவள் போகவில்லை. "இதுல பதிமூணு லட்சம் மிச்சம்னு இருக்கு."

"அது வேற கணக்கு."

"எதிர்பாராச் செலவுன்னு போட்டிருக்கே அக்கா." குரலை உயர்த்தவே இல்லை. "நோன்பு வெச்சுக்கிட்டு அந்தத் தண்ணியைப் பண்ணேன். குடிக்காம தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்தேன். வேணாம்னு நீங்க சொல்லியிருந்தா எனக்கு வருத்தம் இல்ல. காசு இருக்கு, தரமாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. இல்லேன்னு சொன்னீங்க பாருங்க."

நான் தாளை வாங்கி டிராயருக்குள் வைத்தேன். அன்றிலிருந்து அவளும் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்தப் பதின்மூன்று லட்சத்தைக் கடைசியில் முதலாளி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஊர் முழுக்க பிளெக்ஸ் பேனர், பாட்டு வெளியீட்டுக்குத் தோரண வாசல், வந்தவர்களுக்கெல்லாம் சால்வை. ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்துபோனது.

கோடை விடுமுறையில் படம் வந்தது. பத்து நாள் ஓடியது. பெரிய லாபமில்லை, நஷ்டமுமில்லை. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தேன். கரண்ட் போன காட்சியில் தியேட்டரே அதிர்ந்தது. பிள்ளைகள் சீட்டின் மேல் ஏறி நின்று, எந்தக் கண் யாருடையது என்று கத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் காட்சி முடிந்த வேகத்தில் குடும்பம் ஸ்ரீரங்கத்தில் இருந்தது. ஆற்றை எப்போது தாண்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு யூடியூப் பேட்டியில் இயக்குநரிடம் அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டார்கள். "ஒரு நாள் வீட்ல நிஜமாவே கரண்ட் போச்சு. அப்ப தோணுன ஐடியா" என்றார் சிரித்தபடி.

மறுநாள் காலை நேராக அவர் அறைக்குப் போனேன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"அது யார் ஐடியான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னார். "உங்களோடது."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்தார். "மேடம், பாலத்து ஷாட்டுக்குப் பணம் இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். அந்தப் பொண்ணு சொல்லிட்டா."

அவர் கடைசிப் புத்தகத்தையும் பெட்டிக்குள் வைத்தார்.

"முதலாளிகிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே உங்களை அனுப்பியிருப்பாரு. நான் சொல்லல. அதை நல்ல மனசுன்னு நினைச்சுக்காதீங்க. புதுசா ஒரு ஆள் வந்து கணக்கைப் புரிஞ்சுக்கவே மூணு மாசம் ஆகும், படம் நின்னுடும். அதுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன். உங்களை எனக்கு இன்னிக்கும் பிடிக்கல."

"எனக்கும்தான்" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வந்திருக்காது. கேட்கவில்லை. அவர் படியிறங்கும்வரை அங்கேயே நின்றேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவர் போட்டுக்கொடுத்திருந்தால் நாங்கள் சமம் என்று கணக்கை முடித்துவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டாவது படத்துக்கு முதலாளி எங்கள் இருவரையுமே கூப்பிட்டார். அவர் இருந்தால் நான் வரமாட்டேன் என்றேன். நான் இருந்தால் வரமாட்டேன் என்று அவரும் சொன்னாராம். முதலாளி என்னை வைத்துக்கொண்டார். டைரக்டர் கிடைப்பாங்க, கணக்குப் பார்க்க ஆள் கிடைக்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தண்ணீர் செய்தவள் ஹைதராபாத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டாள். போகும்போது எல்லா மேஜைக்கும் பிஸ்தா பர்பி வைத்தாள். என் மேஜைக்கும் வைத்தாள், நான் இல்லாத நேரம் பார்த்து.

இப்போது இருக்கும் இயக்குநர் மிகவும் மரியாதையானவர். நான் பணம் இல்லை என்று சொன்னால், "அப்ப வேணாங்க, எடுத்துடலாம்" என்று அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். இன்றுவரை ஒரு காட்சிக்காகக்கூட என் முன்னால் வந்து நின்றதில்லை. அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.