யோகம் அன்ரி மாற்றிச் சொன்ன படம்

யோகம் அன்ரி போய்விட்டார் என்று அவருடைய மகள் மல்லிகா அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் டோனட் கடையில் வேலைக்கு நின்றேன். அம்புலன்ஸ் வருவதற்கு முன்னரே மூச்சு அடங்கிவிட்டதாம். வரிசையில் நின்றவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பின்னறைக்குப் போய் அழ முடிந்தது.

டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் அந்த நாளில் இருந்தவர்களுக்கு அன்ரியை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மட்டக்களப்பில் நேர்ஸாக இருந்தவர். ஒரு காலை வேலைக்குப் போன அவருடைய மகன் திரும்பி வரவேயில்லை. எல்லா இடமும் தேடிக் களைத்துத்தான் கடல் கடந்து மகளிடம் வந்து சேர்ந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட, நாங்கள் ஒரு கூட்டம் பிள்ளைகள் அவர் வீட்டில் இருப்போம். யாராவது தங்களுக்குள் அடிபட்டால், "சண்டை பிடிக்கிறதெண்டா என்னோட பிடிங்க" என்பார். சண்டை அதோடு நின்றுவிடும்.

எண்பத்தைந்தில் ஒரு பனிக்காலச் சனிக்கிழமை. மல்லிகா அக்கா வீடியோக் கடையிலிருந்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்து வந்திருந்தார். கசெற் உறையில் வாத்துக்குஞ்சுகள் சிரித்துக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, தங்கை வதனிக்கு ஆறு. இருவருக்கும் ஆங்கிலம் பிடிபடவில்லை. அன்ரி எங்கள் நடுவில் இருந்து, படத்தில் பேசுவதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதிப் படத்தில் நாணற்காடு தீப்பிடித்தது. பின்தங்கிய ஒரு குஞ்சைத் தேடித் தாய் வாத்து புகைக்குள் திரும்பிப் போனது. மற்றக் குஞ்சுகள் அக்கரையில் நின்று கத்தின. பிறகு கருகிய சிறகுகள் தண்ணீரில் மிதந்து வந்தன. கிழட்டு ஆமை ஒன்று குஞ்சுகளிடம் வந்து மெதுவாக ஏதோ சொன்னது.

எங்கள் அம்மா அப்போது ஊரில். படுக்கையில் கிடந்த தன் தகப்பனை விட்டுவர அவருக்கு மனமில்லை. அப்பாதான் எங்களைக் கூட்டி வந்திருந்தார். மாதக்கணக்காக அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை. ஆமை என்ன சொல்கிறது என்று வதனி கேட்டாள்.

"அம்மா வேற பாதையால வாறாவாம், புள்ள. சுத்தி வாறதால சுணங்குதாம். காத்திருக்கச் சொல்லுது" என்றார் அன்ரி.

நான் அதை அப்படியே நம்பினேன். வதனியும் அன்றைக்கு அழாமல் தூங்கினாள். அம்மா இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தார். அன்ரியின் மகனைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் வரவில்லை.

செத்தவீடு முடிந்த கிழமை, அந்தப் படத்தைத் தேடி எடுத்துவந்து வதனியோடு பார்த்தேன். இப்போது எங்களுக்கு ஆங்கிலம் தெரியும். ஆமை சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் அம்மா இறந்துவிட்டாள். இனிக் காத்திருக்க வேண்டாம்." சின்னப்பிள்ளைகளுக்கு எடுத்த படத்தில் இப்படி ஒரு வசனத்தை வைத்தவர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது. அன்ரி உன்னை எப்படிக் காப்பாற்றியிருக்கிறா பார் என்று வதனியிடம் சொன்னேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் அக்கா. அது செத்துப்போச்செண்டு பாக்கவே தெரிஞ்சது. ஆனா அன்ரி அதைச் சொல்லேக்க வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. அவவுக்காகத்தான் நம்பினமாதிரி இருந்தனான்."

ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாயும் அன்று ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

அன்ரியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பொய். அவரை அறிந்த உங்களில் யாராவது எப்போதாவது அவருடைய மகனைக் கண்டால், தாய் இல்லை என்பதை அவனிடம் சொல்லத்தான் வேண்டும். அன்ரியைப்போலச் சொல்லக்கூடிய ஒருவர் அவனுக்குக் கிடைக்கட்டும்.